ஞானஸ்நானத்துக்கு ‘நிலா’ ஆகாதா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். வயது 29. பிறந்த வீடு ராயபுரம், கத்தோலிக்கக் குடும்பம். புகுந்த வீடு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போது ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை. மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வீட்டில் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறார்கள்.

அவருக்குப் பிள்ளையை ‘நிலா’ என்று அழைக்க ஆசை. துறைமுகத்தில் இரவு வேலைக்குக் கிளம்புமுன், காலஞ்சென்ற அவர் அப்பா மாடியில் நிலாவைக் காட்டிச் சோறூட்டுவாராம். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “அது அவிசுவாசிகள் வைக்கும் பெயர், சபையில் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள்” என்கிறார். ஜெபக்குழுச் சகோதரர் ஒருவர் பதினான்கு பெயர்களைப் பொருளோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளின் படத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார் வாசகி. ஹெப்சிபா, பியூலா, ஜெருஷா, ஃபீபி, பெர்சிஸ் என்று போகிறது பட்டியல். மாமியாருக்குப் பிடித்தது ‘ஜெனிஷா’.

இதற்கு மேல் ஒரு வேதனை. வாசகியின் சொந்தப் பெயரின் முற்பாதி ‘வியாகுலம்’. (அவர் அனுமதியோடு இதை மட்டும் சொல்கிறேன்.) பள்ளியில் கேலி செய்தார்கள். கரு கலைந்தபோது, “துக்கத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு வந்தவள்” என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அரசிதழில் பெயரை மாற்றிவிடு என்கிறார் அக்கா. தமிழ்ப் பெயர் வைத்தால் சாதிச் சான்றிதழ் விஷயத்தில் வசதி என்கிறார் ஒரு மாமா. கணவர், “அம்மா சொல்வதைக் கேட்டுவிடேன்” என்றிருக்கிறார். நிலா என்று வைக்கலாமா, தன் பெயரை மாற்ற வேண்டுமா, தனக்குத் தெரியாமல் வேறு பெயரைப் பதிந்துவிட முடியுமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நான் வழக்கறிஞர், சமயப் போதகர் இல்லை. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகளைப் பார்க்கிறவள். நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள், என் தாத்தாவின் பெயர் அடைக்கலம். ஆகவே சட்டத்துக்குப் போகுமுன் அந்தப் பதினான்கு பெயர்களைக் கொஞ்சம் பார்த்துவிடுகிறேன்.

பட்டியலில் நான்காவதாக ஃபீபி இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் பெபேயாள். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பவுல் பரிந்துரைத்து எழுதும் சகோதரி அவர்தான். அந்தப் பெயர் கிரேக்க மொழியில் ஒளி மிகுந்தவள் என்று பொருள்படும். கிரேக்கர்கள் தங்கள் நிலாத் தேவதையை அழைத்த பட்டப்பெயர்களில் அதுவும் ஒன்று. அதாவது, உங்கள் மாமியார் கையில் இருக்கும் தாளிலேயே நிலா இருக்கிறது, கிரேக்க உடையில். பவுல் அந்தப் பெண்ணிடம் முதலில் பெயரை மாற்று என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் ஹெர்மே, நேரே என்ற பெயர்களுக்கும் வாழ்த்துச் சொல்கிறார். இரண்டும் கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள். அப்பொல்லோ என்ற புகழ்பெற்ற போதகரின் பெயரில் அப்பல்லோ தெய்வம் இருக்கிறது. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அப்பா அம்மா வைத்த பெயரோடுதான் சபைக்கு வந்தார்கள், அதே பெயரோடு வேதாகமத்திலும் இடம்பெற்றார்கள்.

பட்டியலில் உள்ள மற்றவற்றையும் சொல்ல வேண்டும். பியூலா, ஹெப்சிபா இரண்டும் ஏசாயா 62-ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் வருகின்றன. ஹெப்சிபா என்றால் ‘என் பிரியம் அவள்மேல்’. கேட்கவே இதமான பெயர். பியூலா என்றால் ‘மணமானவள்’. பாழாய்க் கிடந்த தேசத்துக்குக் கிடைத்த ஆறுதல் பெயர் அது. ஒன்பது மாதக் குழந்தைக்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால் சங்கடமாகிவிடும். நம் வீடுகளில் எத்தனையோ பியூலாக்கள் இருக்கிறார்கள், யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

ஜெனிஷா? வேதாகமத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. ‘தேவனின் பரிசு’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. இணையத்தில் பொருள் தெரியாத பெயர்களில் பாதிக்கு மேல் தேவனின் பரிசாகத்தான் இருக்கின்றன. உண்மையிலேயே அந்தப் பொருள் உள்ளவை மத்தேயு, நத்தானியேல், யோனத்தான், டாரத்தி போன்றவை. ‘ஜெ’ என்று தொடங்கினால் கிறிஸ்தவப் பெயர் என்று நம் காது பழகிவிட்டது. அப்பா பெயரின் முதல் எழுத்தையும் அம்மா பெயரின் கடைசி எழுத்தையும் ஒட்டிச் செய்த பெயர்கள் இன்று ஏராளம். வைப்பது தவறில்லை, ஓசை அழகாகவே இருக்கிறது. அதை வேதாகமப் பெயர் என்றும் நிலாவை அந்நியப் பெயர் என்றும் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தமிழ்ப் பெயர் யாருடைய பெயர்?

“தமிழ்ப் பெயர் என்றால் இந்துப் பெயர்தானே, மேடம்?” என்று நீங்களே ஓரிடத்தில் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியாரின் முதற்பெயர் கான்ஸ்டான்சோ. உறுதியுள்ளவன் என்று பொருள். அவர் அதைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். பின்னால் வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியில் சூசையப்பருக்கு அவர் வைத்த பெயர் வளன், ஏனென்றால் யோசேப்பு என்ற எபிரெயச் சொல்லுக்கு ‘பெருகச் செய்வார்’ என்று பொருள். யோவான் என்றால் ‘கர்த்தர் கருணையுள்ளவர்’, ஆகவே திருமுழுக்கு யோவான் அங்கே கருணையன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தாய் எலிசபெத்தை இழந்து கருணையன் அழும் பாடல்களைப் படித்திருப்பீர்கள். அந்தக் கருணையனும், உங்கள் ராயபுரம் தெருவில் இருக்கும் ஏதோ ஓர் அருளப்பனும், உங்கள் கணவரின் சபையில் இருக்கும் ஜானும் ஒரே பெயரின் மூன்று உருவங்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள். அதனால்தான் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். சூசை, சவரி, இன்னாசி ஆகியவை வேறு வகை. போர்த்துக்கீசியர் வாயிலிருந்து விழுந்த ஓசையைத் தமிழ் நாக்கு தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

நீலகண்டப் பிள்ளை என்பவர் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றபோது கிடைத்த பெயர் லாசர். ‘தேவன் உதவி செய்தார்’ என்ற பொருள் அதற்கு. அதை அப்படியே தேவசகாயம் என்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகம் முழுவதும் அந்தப் பெயரைத்தான் உச்சரித்தது, லாசரை இல்லை. உங்கள் கணவர் பக்கத்து மரபிலும் ஆள் உண்டு. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானத்தில் ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் பெற்றார். ஆனாலும் கிருஷ்ணபிள்ளை என்ற பெயரைக் கடைசிவரை விடவில்லை. திருநெல்வேலிக்காரரான அவரைப் பற்றி உங்கள் மாமியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் திருமுல்லைவாயிலுக்குப் போங்கள். அங்கே சிவன் பெயர் மாசிலாமணீசுவரர். அதே மாசிலாமணி எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் தாத்தா பெயராக இருக்கிறது! யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை. மாசில்லாத மணி என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான தமிழ்.

சபை மறுக்குமா?

மறுக்கும் என்று உங்களிடம் யார் சொன்னது என்று பார்த்தால், ஆயர் (உங்கள் சபையின் போதகர்) சொல்லவில்லை, மாமியார் சொல்லியிருக்கிறார். நேரே ஆயரிடம் போய்க் கேளுங்கள். உங்கள் பிறந்த வீட்டில் ஒரு காலத்தில் விதி கடுமையாகத்தான் இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயர் வைக்கும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் வேறு பெயர் வைத்தால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855-ஆம் பிரிவு அதைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. நிலா எந்தக் கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியம்? காலத்தைக் குறிக்கச் சந்திரனைப் படைத்தார் என்று 104-ஆம் சங்கீதம் பாடுகிறது. உன்னதப்பாட்டில் மணமகளின் அழகுக்குச் சந்திரன்தான் உவமை.

ஆயர் தயங்கினால், நிலாவோடு ஒரு வேதாகமப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரே ஒரு நிபந்தனையைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். (தயவுசெய்து ‘ஃபீபி நிலா’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். பிள்ளையை இரண்டு தரம் நிலா என்று கூப்பிட்ட மாதிரி ஆகும்.)

உங்கள் பெயர்

கடிதத்தில் என்னை உட்காரவைத்துப் படிக்கவைத்த பகுதி இதுதான்.

முதலில் கருவைப் பற்றி. ஆரம்ப மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவில் ஏற்படும் குரோமோசோம் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவரும் அதையே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை நம்புங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்று கருப்பைக்குத் தெரியாது.

அடுத்து, வியாகுலம் என்ற பெயருக்கு ‘நீ துக்கப்படு’ என்று பொருள் இல்லை. வியாகுல மாதாவின் பெயர் அது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போன தாயிடம், உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று கிழவர் சிமியோன் சொன்னது லூக்காவில் இருக்கிறது. பட்டயம் பாய்ந்த பிறகும் சிலுவையடியில் நின்றவள் என்பதால் அந்தப் பெயர். செப்டம்பர் 15 அவள் திருநாள். அதையொட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கும், அவளிடம் நேர்ந்து பெற்ற பிள்ளைகளுக்கும் அதை வைப்பது வழக்கம். ஸ்பானியப் பெண்களில் டோலோரஸ் என்று எத்தனையோ பேர். அந்தச் சொல்லும் வியாகுலம்தான். லூர்து, ஆரோக்கியம், சகாயம், அடைக்கலம் எல்லாம் இதே கிளையில் பூத்தவை, ஒவ்வொன்றும் ஒரு மாதா கோவிலை நினைவூட்டும். உங்கள் அம்மா உயிரோடு இருப்பதால் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் கோவில், என்ன வேண்டுதல், எதற்காக அந்தப் பெயர்? மூன்று பக்கக் கடிதத்தில் உங்கள் பெயரின் கதை ஒரு வரிகூட இல்லை, கேலி மட்டும்தான் இருக்கிறது. ஒருவேளை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையோ என்னவோ.

பெயரே விதி என்று மாமியார் வாதிட்டால், யாபேஸ் என்ற பெயரைச் சொல்லுங்கள். “நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்” என்று சொல்லித் தாய் வைத்த பெயர் அது, முதலாம் நாளாகமம் 4-ஆம் அதிகாரம். அடுத்து வருவது அவன் செய்த ஜெபம், தேவன் அவன் கேட்டதை அருளினார் என்று முடிகிறது. பெரம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ‘ஜாபெஸ்’ என்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பையன்களாவது திரும்புவார்கள். துக்கம் என்ற பொருள் அந்த வீடுகளில் யாரையும் தடுக்கவில்லை.

அரசிதழில் மாற்றுவது உங்கள் உரிமை. 18 வயது முடிந்த எவரும், அண்ணா சாலையில் இருக்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை மூலம் கட்டணம் செலுத்தித் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடலாம். காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட் என்று வரிசையாக அலைய வேண்டும். மதிப்பெண் பட்டியல் பழைய பெயரிலேயே நிற்கும், கூடவே அரசிதழ் நகலை ஆயுள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள், நான் உதவுகிறேன். ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வதைப் போல மாற்றாதீர்கள். இந்த வருடம் வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளையின் சான்றிதழில் தாய் பெயர் ஒன்றும், உங்கள் ஆதாரில் வேறொன்றுமாக ஆரம்பிப்பது நல்லதில்லை.

சட்டம் சொல்வது

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969. அதன் 14-ஆம் பிரிவுப்படி, பெயரில்லாமல் பதிந்த குழந்தையின் பெயரைப் பெற்றோரோ காப்பாளரோ பிறகு தெரிவிக்கலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆகவே உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அது தவறினாலும் வானம் இடிந்துவிடாது.

உங்கள் பயம் நியாயமானது. இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அலுவலகத்தில் இருவர் கையெழுத்தையும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஒருமுறை பதிவான பெயரை மாற்றுவது கடினம். எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிப்பது பிறப்புச் சான்றிதழ்தான். முன்னால் ஞானஸ்நானச் சான்றைக் காட்டிப் பள்ளியில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. இனி அது சபைக்குள் மட்டும்.

என் நிபந்தனை இங்கேதான் வருகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதும் பெயரும் சான்றிதழில் எழுதும் பெயரும் அதே சொற்கள், அதே வரிசை, அதே எழுத்துகளாக இருக்கட்டும். வீட்டுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று என்று மூன்று பெயரோடு வாழ்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். பங்குப் பதிவேட்டில் இன்னாசிமுத்து, பள்ளியில் முத்து, வேலையில் இக்னேஷியஸ் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). மூவரும் ஒருவரே என்று நிரூபித்து ஓய்வூதியம் வாங்குவதற்குள் அவருக்கு மேலும் இரண்டு வயது கூடிவிட்டது. பையைத் திறந்து தாள்களை மேசைமேல் பரப்பியபோது, “இதில் நான் எது, மேடம்?” என்று கேட்டார்.

வழக்கு போடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். 2023-ல் கேரளத்தில், பெற்றோர் ஒத்துப்போகாததால் உயர் நீதிமன்றமே குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுத்த வழக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பெற்றோர் ஏற்கெனவே பிரிந்திருந்தார்கள். நீங்கள் ஒரே வீட்டில் ஒரே பாலைக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள்.

மாமாவின் யோசனையைக் கேட்காதீர்கள். பெயர் யாருடைய சமூகச் சான்றிதழையும் தீர்மானிப்பதில்லை. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரைத்தான் பட்டியல் சாதியினராக ஏற்கிறது. மதம் மாறிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது நியாயமா என்ற விவாதம் நீண்டது, எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் மறைத்துச் சான்றிதழ் வாங்கினால் பின்னால் வேலையும் படிப்பும் போகும். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் தர மறுத்தபோது, ஞானஸ்நானப் பதிவும் சான்றாகப் பார்க்கப்பட்டது. பிள்ளைக்கு நிலா என்று வைப்பது நிலாவுக்காக இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் கணவர்

மாமியாருக்கு ஒன்றரைப் பக்கம், அக்காவுக்கு அரைப் பக்கம், மாமாவுக்கு ஒரு பத்தி. கணவருக்கு ஒரே ஒரு வரி. சட்டப்படி அந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லும் உரிமை உங்கள் இருவருக்கும்தான். பாட்டிக்கும் ஜெபக்குழுவுக்கும் ஆலோசனை சொல்லும் இடம் மட்டுமே. எனவே மாமியாரோடு வாதாடுவதை நிறுத்திவிட்டுக் கணவரோடு பேசுங்கள். மொட்டைமாடிச் சோற்றுக் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. “அம்மா சொல்வதைக் கேட்டுவிடேன்” என்ற மனிதருக்கு, இது பெயர் பிடிவாதம் என்றுதான் தெரியும், உங்கள் அப்பா என்று தெரியாது.

அவர் சம்மதித்தால் இருவருமாக ஆயரைப் பாருங்கள், பிறகு மாமியாரிடம் ஒன்றாகப் போங்கள். அவருக்கும் ஒரு இடம் விடுங்கள். இரண்டாம் பெயரைப் பட்டியலிலிருந்து அவரே எடுக்கட்டும். ஹெப்சிபா எனக்குப் பிடிக்கும். அந்தக் கிழவிக்கும் பேத்திமேல் பிரியம் இல்லாமலா பதினான்கு பெயர் எழுதி வாங்கி வந்தார்?

விண்ணப்பத்தை இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள், ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு ‘ஏ’ போடச் சொல்லி யாராவது வருவார்கள், வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். நிலா என்பது இரண்டே எழுத்து. அதையும் ‘நீலா’ என்று அடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.